வேப்பமரத்து மேடையும் ஒரு வியாழக்கிழமையும்

எங்கள் கல்லூரி ஆட்டையாம்பட்டிப் பக்கம், சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. நுழைவாயிலைத் தாண்டியதும் ஒரு வேப்பமரம், அதனடியில் சிமெண்டு மேடை. நான் முதுகலையில் சேர்ந்தபோது அந்த மேடையில் யார் பேசலாம் என்பது அன்றன்றைக்கு அலுவலகத்தில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்திருந்தது. மாணவர்கள் ஒட்டிய சுவரொட்டியைக் காவலாளி கிழிக்கப்போய்ப் பெரிய சண்டையான பிறகு, மாணவப் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து விதி எழுதினோம். திங்கட்கிழமை காலை யார் முதலில் பெயர் எழுதுகிறார்களோ அவர்களுக்கே அந்த வாரத்தில் அவர்கள் கேட்கும் நாள். ஒலிபெருக்கி உணவு இடைவேளையில் மட்டும். கட்சிக்கொடி கூடாது. மைக் மாணவர் கையில்தான். மற்றவர்கள் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கலாம். என்ன பேசப்போகிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி வரிக்காக மட்டும் ஒரு மாலை முழுக்க வாதாடினோம். அந்த வரி நின்றதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

விதிக்கு முதல் சோதனை தை மாதத்தில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் வந்தது. என் வகுப்புத் தோழியின் ஊரில் புறவழிச்சாலைக்கு நிலம் அளந்து கல் நட்டிருந்தார்கள். அவர்கள் தோட்டத்துக் கிணறு அந்தக் கல் எல்லைக்குள் வந்துவிட்டது. கருத்துக் கேட்புக் கூட்டம் வெள்ளிக்கிழமை. அதற்குள் மாணவர்களிடம் பேசி, உடன் வர ஆள் சேர்க்க வேண்டும். திங்களன்று முதல் பேருந்தில் வந்து வியாழன் மதியத்துக்குப் பெயர் எழுதினாள்.

புதன்கிழமை தாளாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோழி அது செவ்வாய் என்று சாதிப்பாள். முதல் பாடவேளை இல்லாததால்தான் நான் வீட்டில் இருந்தேன். எனக்கு அப்படி அமைந்த நாள் புதன் ஒன்றுதான். அவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் தட்டத்தில் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்து உறவுக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து கேட்டால், எங்கள் பக்கத்தில் முடியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அப்படியொரு தட்டத்தோடுதான் அவர் வந்திருந்தார்.

“என்ற மச்சான் நாளைக்குக் காலேஜுக்கு வாராரு அம்மணி. பசங்களுக்கு வெளையாட்டுச் சாமான் குடுக்கறாரு. கட்சிக்காரராச்சே, ரோட்டுல போறவன் கண்ணுல படோணும். அதுக்கு அந்த மேடைதான் தோது” என்று அம்மாவிடம் சொன்னவர், என் பக்கம் திரும்பினார். “ஒரே ஒரு நாள் தள்ளி வெச்சுக்கச் சொல்லு சாமி, உன்ற சேக்காளிகிட்ட. மாமன் கேக்கறேன்.”

“வெள்ளிக்கெழமை கூட்டம் முடிஞ்சப்புறம் பேசி என்னங்க மாமா பண்றது? அவிய கெணறு போயிருமுங்க.”

“மேடை ஏறாமயே உனக்குப் பேச்சு நல்லா வருது.”

உள்ளே போயிருந்த அம்மா மோர்ச் சொம்போடு வந்தார். தாளாளர்தான் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் தர்மகர்த்தா. முதலில் வந்து வெற்றிலை பாக்கு வைத்தவருக்கே கோயில் மண்டபம் என்பதில் அவர் எவ்வளவு கறார் என்பது ஊருக்கே தெரியும்.

“ஏனுங்ணா, உங்க பையன் கண்ணாலத்துக்கே நம்ம கோயல் மண்டபம் கெடைக்கலீங்களே, எதுக்குங்க?”

“அந்த மேச்சேரி ஆட்டு ஏவாரி முந்தி வந்து பாக்கு வெச்சுட்டானே, அம்மணி.”

“தள்ளி வெச்சுக்கச் சொல்லியிருக்கலாமுங்களே. ஒரே ஒரு நாளு.”

அவர் மோரை வாங்கினார். நிதானமாகக் குடித்தார். “உங்காத்தாளுக்குத் தனியா ஒரு மேடை கட்டோணும் சாமி” என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். தட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பழத்தைத்தான் மறுநாள் நானும் தோழியும் மேடைக்குப் பின்னால் நின்று தின்றோம்.

அவர் மச்சானின் விழா உள்ளே கலையரங்கத்தில் நடந்தது. வெளியே தோழி பேசினாள். தொடக்கத்தில் குரல் நடுங்கியது, கிணற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. கூட்டத்தின் கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை உயர்ந்தது. தாளாளர். கல்லூரி முதல்வர் பதறி மைக்கை வாங்கி அவரிடம் கொடுக்கப் போனார். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, உரத்த குரலில் கேட்டார்:

“ரோடு வந்தா ஆஸ்பத்திரிக்கு வெரசாப் போலாமில்ல, கண்ணு?”

“போலாமுங்க. எங்க கெணத்தைச் சுத்திக்கிட்டும் வெரசாப் போலாமுங்க.”

மரத்தில் இருந்த காக்கைகள் பறக்கும் அளவுக்குச் சிரிப்பு. அவரும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு எங்கள் கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்கு நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். கிணறு இருக்கும் இடத்தை மறுபடி அளப்பதாக அதிகாரி எழுதிக்கொண்டார். அளந்தும் பார்த்தார்கள். கல் தள்ளிப் போனது, கிணறு இருக்கிறது.

அதற்கடுத்த திங்கட்கிழமை, சாலை வேண்டும் என்கிற மாணவர்கள் எங்களுக்கு முன்பே வந்து பெயர் எழுதியிருந்தார்கள். மேடை அவர்களுக்கு. தோழி முன்வரிசையில் போய் உட்கார்ந்து, முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.