பிணத்தை மறித்த ராஜாவும் பனியில் நின்ற ராஜாவும்

என் மாமனாருக்கு ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் ராஜாக்களின் பங்காளிச் சண்டை அவருக்கு அத்துப்படி. அதற்குக் காரணம் நான். எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது பஸ் ஓடாததால்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் கல்யாணமாகிக் கச்சிராயபாளையம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தபால் வழியில் எம்.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியில் பரீட்சை. அதற்கு முந்தின வாரம் பார்த்துச் சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பேப்பர் இல்லை, கரும்பு ஏற்றிய டிராக்டர்கூட இல்லை. பரீட்சை தள்ளிப்போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாங்கு மாங்கென்று உருப்போட்டதெல்லாம் ஆவியாகிப் போய்விடுமே என்ற பயம். எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அதனால் கூடத்தில் உட்கார்ந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் உரக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மாமா ஊருக்கு நாட்டாமை. மனைவியை இழந்தவர். கரும்பு வெட்டு நின்றுபோனதால் அவருக்கும் அந்த வாரம் வேலையில்லை. சுவரோரம் பாய் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் தாங்கவில்லை.

"ஏம்மா, இன்னா அது, எல்லாத்துக்கும் ஒரே பேரா கீது?"

"ஆமா மாமா. அப்பன் பேரு, புள்ள பேரு, பேரன் பேரு எல்லாம் ஒன்னுதான். நம்பர் போட்டுத்தான் கண்டுபுடிக்கணும்."

"டவுன் பஸ் மாதிரியா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புத்தகம் கீழே விழுந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாமா அதற்குப் பிறகு நம்பரை மதிக்கவேயில்லை. ஒவ்வொரு ராஜாவுக்கும் அவரே பட்டப்பேர் வைத்தார். தாடிக்காரன், நோஞ்சான், கோயில் கட்டினவன். இன்றைக்கும் எனக்கு அந்தப் பேர்களில்தான் ராஜாக்கள் ஞாபகத்தில் இருக்கிறார்கள்.

அந்த நாட்டில் ராஜா செத்தால் மகன் தானாக ராஜாவாகிவிட முடியாது, பெரிய தலைகள் கூடி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னபோது அவருக்கு ரொம்பத் திருப்தி. "அப்பிடித்தான் இருக்கணும். நாலு பேரு ஒத்துக்காத பதவி இன்னா பதவி?" என்றார்.

மூன்றாம் நாள் நான் படித்தது ஒரு சாவுக் கதை. வாலிப வயசிலேயே ஒரு பேரரசன் இத்தாலியில் செத்துப்போகிறான். பிள்ளை கிடையாது. அவன் உடலை மலை தாண்டி ஊருக்கு எடுத்துவருகிறார்கள். வழியில் அவனுடைய தூரத்துப் பங்காளி ஒருத்தன் ஆட்களோடு நின்று பிணத்தை மறிக்கிறான். கிரீடத்தைக் கொடு, ஈட்டியைக் கொடு என்கிறான். அந்த ஈட்டி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் ராஜா என்று ஒரு நம்பிக்கை. ஈட்டியை முன்கூட்டியே வேறு வழியில் அனுப்பிவிட்டிருந்த பாதிரியாரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதையும் வாங்கிய பிறகுதான் விட்டான். கடைசியில் அவன்தான் ராஜாவானான்.

"அடப்பாவி! அப்பவே மறியல் பண்ணிக்கீறானா?" என்று மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "சாவு எடுத்துக்கினு போறப்பவா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். சாப்பாட்டுக்கும் வரவில்லை.

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமாவுக்கு ஒரு தம்பி. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்களுடைய அப்பா, முந்தைய நாட்டாமை, செத்த அன்று தம்பி மாடு பிடிக்க மணலூர்பேட்டைப் பக்கம் போயிருந்தார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நாட்டாமை செத்தால், அடுத்த ஆளுக்குத் தலையில் பரிவட்டம் கட்டிய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். ஊரில் பெரியவர்கள் தம்பிக்காகக் காத்திருக்கவில்லை. 'அவன் வந்தா நானா நீயான்னு சண்டை வரும், சட்டுனு முடிச்சிடுங்க' என்று யாரோ சொல்ல, அண்ணனுக்குக் கட்டி, பிணத்தை எடுத்து, எரித்தும் விட்டார்கள். தம்பி மாட்டோடு வந்து பார்த்தபோது சாம்பல்தான் இருந்தது. அன்றைக்குப் போனவர் வெள்ளிமலையில் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாமை விதைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. பதவி போனதற்காக அல்ல. "எங்கப்பன் மொகத்தப் பாக்க வுடலியே" என்பதுதான் அவர் வழக்கு.

இதைக் கேட்டு எனக்கு மாமா மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஒரு முழத் துணிக்காகக் கூடப்பிறந்தவனுக்கு இப்படிச் செய்வார்களா! அப்புறம் என் வீட்டுக்காரர் மீதியையும் சொன்னார். மாமாவுக்கு வயசாகிவிட்டது, தான் உயிரோடு இருக்கும்போதே மகனுக்குப் பரிவட்டம் கட்டிவிட ஆசைப்படுகிறார். அப்பன் உயிரோடு இருந்தால் சித்தப்பன்தான் கட்ட வேண்டும். அவன் கையால் கட்டினால்தான் பங்காளிகள் மனசார ஒப்புக்கொண்டதாக அர்த்தம். போராட்டத்தால் தள்ளிப்போன திருவிழாவுக்குள் தம்பியைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறது ஊர். இல்லையென்றால் பரிவட்டம் வேறு வகையறாவுக்குப் போய்விடும்.

"போனா போவுது, எனக்கு இன்னா?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு உண்மையிலேயே அதில் ஆசை கிடையாது. மாமாவுக்கும் அது துணிக்கான கவலை இல்லை என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. தம்பியோடு பேசாமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம்தான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. திருவிழா அதற்கு ஒரு சாக்கு.

அடுத்த நாள் வேண்டுமென்றே வேறு ராஜாவை எடுத்தேன். இவனுக்கும் போப்பாண்டவருக்கும் சண்டை. போப் இவனை மதத்தை விட்டே தள்ளிவைத்துவிட்டார். பெரிய தலைகள் கூடி, ஒரு வருஷத்துக்குள் போய் மன்னிப்பு வாங்கிவராவிட்டால் வேறு ராஜாவைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அவன் நடுக்குளிர்காலத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு மலை தாண்டினான். பனியில் பெண்கள் இறங்க முடியாமல், மாட்டுத்தோலில் உட்காரவைத்து இழுத்தார்கள். போப் தங்கியிருந்த கோட்டை வாசலில் மூன்று நாள் வெறுங்காலோடு நின்றான். அப்புறம்தான் கதவு திறந்தது.

"ராஜாவா? வெறுங்காலோடயா?"

"ஆமா மாமா."

"ஒன்னும் பேசலியா?"

"பேசல. சும்மா நின்னாரு."

"அப்பறம் இன்னா ஆச்சு?"

அப்புறம் அவனுடைய சொந்த மகனே அவனைப் பிடித்து அடைத்து வைத்துவிட்டுக் கிரீடத்தைப் பறித்துக்கொண்டான். மகன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் அதை எப்படிச் சொல்வது? "அப்பறம் வேற பாடம் மாமா" என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மாமா வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "கெளம்பும்மா, வெள்ளிமல போலாம்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ் விட்டதும் போகலாமே என்றேன். "பஸ் வுட்டா ஊரே பாக்கும். இப்பப் போனா நாம ரெண்டே பேரு. நீ வா. அவன் எங்கள யாரத் திட்டினாலும் புதுசா வந்த பொண்ண திட்ட மாட்டான்."

அடிவாரம் வரை மாட்டு வண்டி. அங்கே சாலையில் ஒரு பெரிய மரம் குறுக்கே கிடந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கிளைகளுக்குள் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போனோம். கொஞ்ச தூரம் நடந்ததும், கீழே போக வழியில்லாமல் ஒரு ஜீப் மேலே திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் எங்களைப் பார்த்து ஏறச் சொன்னார். மாமா ஏற மாட்டேன் என்கிறார்!

"அந்த ராஜா நடந்துதான போனான்?"

"அவருக்கு ஜீப் கெடச்சிருந்தா மொத ஆளா ஏறிக் குந்தியிருப்பாரு. ஏறுங்க மாமா."

ஏறினார். மலைச் சாலையில் ஜீப் வளைந்து வளைந்து ஏற ஏற, கோமுகி அணை கீழே சின்னதாகிக்கொண்டே போனது. மாமா சின்ன வயசில் தம்பியோடு இதே மலையில் நெல்லிக்காய் பறிக்க வந்து வழி தப்பியதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அழுத தம்பியை முதுகில் சுமந்து இறங்கினாராம். "வழி முச்சூடும் என் காத கடிச்சிக்கினே வந்தான், கம்மனாட்டி" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தவர் அப்படியே ஜீப்புக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிமலையில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சின்ன மாமா வீட்டைக் கண்டுபிடித்தோம். சின்ன அத்தை என்னைக் கட்டிக்கொண்டார். மாமாவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொல்லையில கள எடுத்துக்கினு கீறாரு" என்று மட்டும் சொன்னார்.

கொல்லை மேட்டுச் சரிவில் இருந்தது. சின்ன மாமா குனிந்து சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். மாமா வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கதையில் கேட்டதை அப்படியே செய்கிறார் மனுஷன்!

நின்றார், நின்றார், அப்படி நின்றார். சாரலில் தலை நனைந்து தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது. அந்தப் பக்கம் ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொண்டிருந்தார் சின்ன மாமா. எனக்குப் பொறுக்கவில்லை.

"வாங்க மாமா போலாம். கல்லுல நார் உரிக்கிற கத இது."

"நீதானம்மா சொன்ன, ஒன்னும் பேசாம நின்னான்னு."

"அது மூணு நாளு!"

"நிப்பேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். புதுப் பொண்ணாவது, மரியாதையாவது! கொல்லையைப் பார்த்துக் கத்தினேன். "சின்ன மாமா! மனுஷனா நீங்க? உங்க அண்ணன் மழையில நின்னுக்கினு கீறாரு. திட்டணும்னா வந்து திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க. களையப் புடுங்கிக்கினு இருந்தா இன்னா அர்த்தம்?"

சின்ன மாமா களைக்கொத்தைக் கீழே வைத்தார். என்னைத்தான் பார்த்தார். அண்ணன் பக்கம் திரும்பவேயில்லை.

"அவன மொதல்ல குந்தச் சொல்லும்மா. முட்டி வலி ஜாஸ்தியா கீதுன்னு பஸ்காரங்க சொன்னாங்க."

இத்தனை வருஷமாக, மேலே வரும் பஸ்ஸில் ஒவ்வொரு கண்டக்டரிடமும் அண்ணனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாமா அந்த வரப்பிலேயே பொத்தென்று உட்கார்ந்து, துண்டில் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுகைக்கு நடுவே, "அன்னிக்கு நான் காத்துக்கினு இருந்திருக்கணும்னு சொல்லும்மா அவனாண்ட" என்றார். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சின்ன மாமாவுக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசினார்கள். "அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு." "போதும்னு சொல்லு." "திருவிழாவுக்கு வருவானான்னு கேளு." "பஸ் வுடட்டும், பாக்கலாம்னு சொல்லு." ஒரே பாயில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தச் சாமைச் சோற்றின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. மாமாவும் இல்லை, சின்ன மாமாவும் இல்லை இப்போது. பஸ் ஓடாத அந்த ஒரு வாரம் மறுபடி வராதா என்று நான் ஏங்காத வருஷம் இல்லை.

அப்புறம் மரங்களை அகற்றினார்கள், பஸ் ஓடியது, பரீட்சை நடந்தது. பனியில் நின்ற ராஜாவைப் பற்றி ஒரு கேள்வியும் வந்தது. கோட்டை வாசல் என்று எழுத வேண்டிய இடத்தில் கொல்லை வரப்பு என்று எழுதிவிடாமல் ஜாக்கிரதையாக எழுதிவிட்டு வந்தேன்.

திருவிழா அன்று காலை பஸ்ஸில் சின்ன மாமா வந்து இறங்கினார். வருவாரா மாட்டாரா என்று மாமா விடிந்ததிலிருந்து தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தவர், அவரைப் பார்த்ததும் என்னிடம் வந்து, "ஒங்க சின்ன மாமனுக்குக் காப்பி குடும்மா" என்றார். அப்போதும் நேர்ப்பேச்சு இல்லை. கோயிலில் ஊரே கூடியிருந்தது. என் வீட்டுக்காரர் பலகையில் உட்கார்ந்தார். மாமா ஓரமாக நின்றார். மஞ்சள் துணியைச் சின்ன மாமா கையில் கொடுத்தார்கள். அவர் அதை விரித்து அண்ணன் மகன் நெற்றியில் வைத்துச் சுற்றினார். முடிச்சுப் போட்டார், நழுவியது. மறுபடி போட்டார், மறுபடி நழுவியது. மேளக்காரர்கள் கையை ஓங்கியபடி காத்திருந்தார்கள்.

"டேய், இறுக்கிக் கட்டுடா. அவுந்துடப் போவுது."

சொன்னது மாமா. என்னிடம் இல்லை.

சின்ன மாமா திரும்பிப் பார்க்கவில்லை. துணியை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"எனக்குத் தெரியும், நீ சும்மா இருண்ணா."