பாறைமேல் ஒரு வீடும் இரண்டு கறுப்பு டப்பாக்களும்

வீடு காட்டுகிற தொழிலில் ஊர்ப்பட்ட சாவிகள் கையில் இருக்கும், நிம்மதி மட்டும் இருக்காது. வாங்குகிறவர் பின்வாங்கிவிடுவாரோ, விற்கிறவர் மனசு மாறிவிடுவாரோ என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புதுக்கோட்டையைச் சுற்றி வீடு தேடிச் செருப்புத் தேய்ந்த உங்களுக்கு இது புரியும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பத்திரம் சரியா, தண்ணீர் நல்லதா, மழைக்கு ஒழுகுமா என்ற மூன்று கவலைகளை வைத்து இத்தனை காலம் ஓட்டினேன். நான்காவது கவலை வந்து சேர்ந்தது போன ஆனி மாதம்.

கனடாவிலிருந்து வந்த கேள்வி

குடுமியான்மலை போகிற வழியில் இந்திராணி அக்காவின் வீடு. பாறைச் சரிவில் கட்டியது. முன்பக்கம் கூடம், இரண்டு அறை. பின்னால் பாறையைக் குடைந்து, மூன்று படி இறங்கினால் ஒரு அறை. சித்திரை வெயிலிலும் அங்கே சில்லென்று இருக்கும். அதைப் பார்க்க ஆவூர்ப் பக்கத்திலிருந்து சகாயமேரி டீச்சரும் அவர் கணவர் அந்தோணி அண்ணனும் வந்தார்கள். அண்ணன் பல வருஷம் கல் உடைக்கும் கிரஷரில் லாரி ஓட்டியவர். தூசி போய் நெஞ்சு கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் வீடே தேடினார்கள். பின்னறையில் கால் வைத்ததும் அண்ணன், "என் கட்டில் இங்கதான்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து கனடாவில் இருக்கும் அவர்கள் மகன் ஜான் வீடியோவில் வந்தான். வாசல் எந்தத் திசை என்று கேட்கவில்லை. "தரையில வெடிப்பு இருக்கா? அந்த ரூமுக்கு எத்தனை ஜன்னல்?" என்று கேட்டான். ரேடான் என்று ஒரு வாயுவாம். பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே இருக்கிற யுரேனியத்திலிருந்து உண்டாகிறதாம். வெளியில் வந்தால் காற்றோடு கலந்து போய்விடும். வீட்டுக்குள் வெடிப்பு வழியாக, குழாய் போகிற சந்து வழியாக ஏறி, மூடிக் கிடக்கிற அறையில் தேங்கிவிடும். உடனே இருமலோ மூச்சடைப்போ வராது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம் என்றான். அந்தோணி அண்ணன் பீடியை விட்டது சமீபத்தில்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற இந்திராணி அக்கா சொன்னார்: "கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாதுங்கிறீங்க. நம்மகிட்ட வராம ஒதுங்கி இருக்கிறதை எதுக்குத் தம்பி தேடிப் பிடிக்கிறீங்க?"

மோப்பம்

ரேடானுக்கு வாசனை கிடையாது என்று ஜான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் மறுநாளிலிருந்து எந்த வீட்டுக்குள் போனாலும் என் மூக்கு தானாக வேலை செய்தது. குனிந்து தரை வெடிப்பைப் பார்ப்பது, பாத்ரூம் குழாய் மூலையில் கையை வைத்துப் பார்ப்பது என்று ஆகிவிட்டேன். போர்வெல் தண்ணீரிலும் கொஞ்சம் கலந்து வரலாம் என்று ஜான் சொல்லியிருந்ததால், குழாயைத் திறக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருவரங்குளத்தில் பளபளவென்று டைல்ஸ் போட்ட ஒரு புது வீடு. வாங்க வந்தவர் அரிசிக் கடைக்காரர். நான் சும்மா இருக்காமல், "புது வீடு, பழைய வீடு என்று இதற்குக் கணக்கில்லையாம், பக்கத்து வீட்டில் இல்லாவிட்டாலும் இந்த வீட்டில் இருக்கலாமாம், சோதித்தால்தான் தெரியுமாம்" என்று அவரிடம் ஒப்பித்தேன். ஏ.சி. போட்டு எப்போதும் அடைத்தே வைக்காதீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏம்மா மல்லிகா, நீ வீட்டை விக்க வந்தியா, என்னை வெரட்ட வந்தியா?"

வாசலில் தொங்கியது

ஜான், நண்பர் ஒருவர் மூலம், ரேடானை அளக்கிற இரண்டு கறுப்பு டப்பாக்கள் அனுப்பினான். மருந்து டப்பா அளவுதான் இருக்கும். ஒன்று பின்னறையில், ஒன்று முன்னறையில், கட்டில் உயரத்துக்குத் தொங்கவிட வேண்டும். ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் அடுப்படிக்கும் தள்ளி இருக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம் ஆடாமல் அசையாமல் கிடந்த பிறகு வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். டீச்சருக்கு உடனே பத்திரம் முடிக்க ஆசைதான். ஆனால் ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று இந்திராணி அக்கா ஒரே பிடியாக நின்றுவிட்டார். சரி, அந்த மாதம் டப்பாவுக்கு ஆகட்டும் என்று அவர் கையிலேயே கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடி முழுக்க என் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, அம்மன் கோவில் கஞ்சி என்று அந்தப் பக்கம் போகவே இல்லை. கடைசியில் டப்பாவை எடுக்கப் போனால், வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கறுப்புக் கயிற்றில் கட்டியிருந்தார் அக்கா. அவை காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. என்னக்கா இது என்றேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "கறுப்பா இருக்கு, தொங்கவிடணும்னு சொன்னே, வீட்டுக்குக் கெடுதல் வரக் கூடாதுன்னும் சொன்னே. அதை உள்ளே கட்டுனா எப்படிடீ வேலை செய்யும்?"

ஆவணி அவசரம்

ஒரு மாதச் சோதனை வாசற்காற்றோடு போயிற்று. ஆவணி பிறந்ததும் இந்திராணி அக்கா அவசரப்பட ஆரம்பித்தார். திருச்சியில் மகள் வீட்டுக்குப் போக எல்லாம் கட்டி வைத்துவிட்டார். மறுபடி டப்பா, மறுபடி ஒரு மாதம் என்றதும் முகம் கறுத்துவிட்டது. "நான் இந்த வீட்டுல முப்பது வருஷமா நல்லாத்தானே இருக்கேன்? வாங்க இஷ்டமில்லைன்னா நேரா சொல்லுங்க. என் வீட்டுக்கு நோய் கட்டாதீங்க" என்று சத்தம் போட்டார். அவர் முன்கூடத்தில் படுப்பவர், பின்னறையில் நெல் மூட்டைதான் கிடந்தது என்பதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கெட்டுவிடுமே என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னார். அண்ணனுக்கு இருக்கிற நுரையீரலில் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டால்தான் உண்டு, இன்னொரு சுமையை அது தாங்காது. அவர் ராத்திரி பகலாகப் படுக்கப் போவது அந்த ஒரு அறையில். பிறகு இந்திராணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஆளுங்களுக்கு ஆடியெல்லாம் இல்லைங்க. ஆனாலும் ஒங்க ஆடிக்கு நாங்க வாயைத் தொறக்காம காத்திருந்தோம்ல? எங்க டப்பாவுக்கு நீங்க காத்திருங்கக்கா."

கட்டில் எங்கே?

அக்கா சரி என்றார். அந்தத் தடவை புது டப்பாக்களை நானே ஆணி அடித்துக் கட்டினேன். புரட்டாசி முடிகிற வரை இரண்டு நாளுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஐப்பசியில் முடிவு வந்தது. முன்னறையில் பயப்பட ஒன்றுமில்லை. பின்னறையில், இருக்கலாம் என்று வைத்திருக்கிற அளவைத் தாண்டி நன்றாகவே ஏறியிருந்தது. விற்பனை முடிந்தது, என் நாலு மாதமும் போச்சு என்று நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஜான், "வீட்டை விட வேண்டாம்மா, சரி பண்ணலாம்" என்றான். தரை வெடிப்பையும் குழாய் போகிற சந்துகளையும் அடைக்க வேண்டும். தரைக்கு அடியிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், உறிஞ்சுகிற விசிறி வைக்க வேண்டும். பிறகு திரும்பவும் சோதிக்க வேண்டும். அதுவரை அப்பா முன்னறையில்தான் படுக்க வேண்டும்.

அண்ணனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. குளுகுளு அறையைக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டோம் என்று குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஜன்னலைத் திறந்து போட்டால் போதாதா என்றார். திறந்திருக்கிற வரைக்கும் குறையும், மழைக்கும் கொசுவுக்கும் மூடினால் பழையபடி ஏறும் என்று மகன் சொல்லிவிட்டான். டீச்சர் பேச்சை முடித்து வைத்தார்: "கிரஷர்ல தூசி கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, அப்பவே நீங்க கேக்கலை. இது தெரியாத தூசி. இப்பவாச்சும் நான் சொல்றதைக் கேளுங்க."

புகைபோக்கி

ஐப்பசியிலேயே பத்திரம் முடிந்தது. ஜானின் இன்ஜினியர் நண்பர் வரைந்து கொடுத்தபடி கொத்தனார் வெடிப்பை அடைத்து, குழாயை ஏற்றினார். அடுப்பு இல்லாத அறைக்கு எதற்குப் புகைபோக்கி என்று தெருவே வந்து கேட்டது. மார்கழி முழுக்கப் புது டப்பா பின்னறையில் தொங்கியது. தை பிறந்ததும் முடிவு வந்தது. முன்னறை அளவுக்கு இறங்கியிருந்தது. போனில் வந்ததை டீச்சர் இரண்டு தடவை வாசித்தார். அண்ணன் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூன்று படி இறங்கிப் போய்ப் படுத்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

வீடு திரும்புகிற பஸ்ஸிலேயே திருச்சியிலிருந்து போன். இந்திராணி அக்கா. முடிவைச் சொன்னேன். மகள் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தரையோடு தரையாக ஒரு அறை கொடுத்திருக்கிறார்களாம், ஏ.சி.க்காக எந்நேரமும் அடைத்தே வைத்திருக்கிறார்களாம். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மல்லிகா, அந்தக் கறுப்பு டப்பா ரெண்டு எனக்கும் கெடைக்குமாடீ? ஒண்ணை நீ சொன்ன மாதிரி உள்ளே கட்டுறேன், இன்னொண்ணு வாசலுக்கு."

வீடு வாங்குகிறவர்களே, வாசல் வழியாக வருவதைப் பூசணிக்காய் பார்த்துக்கொள்ளும் என்றே வைத்துக்கொண்டாலும், தரை வழியாக வருவதற்கு உள்ளே ஒரு டப்பா கட்டிப் பார்த்துவிடுங்கள், மிச்சக் கவலையை நான் படுகிறேன்.