தாண்டிப் போகத் தெரிந்த பட்டியல்

பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் அலுவலகம் எங்களுடையது. பக்கத்து மேசை அக்கா வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். ஆனால் அவர் எழுதும் நிரலில் குறை கண்டுபிடிக்க முடியாது. நானும் முயன்று பார்த்துத் தோற்றவள்தான்.

பிறந்தநாளன்று நோயாளியின் வீட்டுக்கு வாழ்த்து அனுப்புவதும் எங்கள் மென்பொருளின் வேலை. தன் மகள் காய்ச்சலில் இறந்துபோன பிறகு, யாரும் சொல்லாமலே அக்கா அதில் கை வைத்தார். நாங்கள் நிரல் எழுதும் ரூபி மொழியில் ஒரு பட்டியலுக்கு நமக்கு வேண்டிய குணத்தைப் பழக்கலாம். ஒவ்வொரு பெயராகப் போகும்போது, இறந்தவர் பெயர் வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும் பட்டியலை அவர் உருவாக்கினார்.

"செத்த பிள்ளைக்கு வாழ்த்து வந்தா அந்த வீடு தாங்குமா?" என்றார்.

பிறகு ரூபியின் புதிய பதிப்புக்கு மாறினோம். வாழ்த்து அனுப்புமுன் இரண்டு முறை பதிந்த பெயர்களைக் களைவோம். பழைய பதிப்பில், களைந்த பின் வரும் பட்டியலுக்கும் அக்கா பழக்கிய குணம் இருக்கும். புதியதில் வருவது வெறும் பட்டியல். அதற்கு யாரையும் தாண்டத் தெரியாது. அக்கா இதைக் கவனிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்குமே.

சறுக்கியது அவர் மகளின் பிறந்தநாளில். அவளும் எங்கள் மென்பொருள் ஓடும் ஒரு மருத்துவமனையில் பல் காட்டியவள். வாழ்த்து, மகள் பெயரோடு, அவர் வீட்டுக்காரரின் போனுக்கே போய்விட்டது. இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிற்று என்று நான் எண்ணத் தொடங்கினேன். அக்கா வெளிறிய முகத்தோடு உட்கார்ந்து, மதியத்துக்குள் சரிசெய்தார்.

சாயங்காலம் அவரை அழைத்துப் போக வீட்டுக்காரர் வந்தார்.

"நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேங்க."

"நமக்கு மட்டும் விட்டிருக்கலாம். அவ பேரை இப்பல்லாம் யாரு சொல்றா? நீயும் சொல்றதில்ல."

அக்கா பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் கேட்டேன். "ஒரு பேருக்கு மட்டும் விலக்கு வைக்கிறது ரெண்டு வரிதானேக்கா?"

"அவ பேரைச் சொல்ல மெஷின் எதுக்குடி? நானே சொல்றேன்" என்றார்.

அடுத்த வருடம் மகளின் பிறந்தநாளில், வேலைக்கு நடுவே வீட்டுக்குப் போன் போட்டார். "நான்தாங்க" என்றார். மகள் பெயருக்கு உதடு அசைந்தது. அந்தப் பக்கம் வீட்டுக்காரர் காத்திருப்பது எனக்கே தெரிந்தது. சொல்லுங்கக்கா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.