ஜி.எம். சாருக்கு முதல் பைப் வாங்கிய கதை

பர்ச்சேஸில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். போல்ட்டு, கிரீஸ், கேண்டீனுக்குப் புளி, ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய், ஒரு தடவை பாம்பு பிடிக்கிற கொக்கி, இப்படி வாங்காத சாமான் இல்லை. எதை வாங்கினாலும் வழி ஒன்றுதான். தேவைப்படுகிறவர் எழுதிக் கொடுக்கிற இண்டென்ட் வர வேண்டும், மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், விலை குறைந்தவருக்கு ஆர்டர், சாமான் வந்ததும் இன்ஸ்பெக்ஷன். இப்போது வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் இதைக் கிண்டல் செய்கிறார்கள் என்று காதில் விழுகிறது. செய்யட்டும். இதே வழியில் போய் நான் குப்புற விழுந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கு வேலை மிச்சம்.

1. கதவைச் சாத்தச் சொன்னார்

எங்கள் ஃபேக்டரி தடாவுக்குப் பக்கத்தில். வீடு திருப்பதியில். காலையில் கம்பெனி பஸ் ஏறித் தூங்கினால் காளஹஸ்தியில் ஒரு தரம் விழிப்பேன், அடுத்து கேட்டில் வாட்ச்மேன் தட்டினால்தான். அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ஜி.எம். ராகவன் சார் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்துவிட்டது.

ராகவன் சாரும் திருப்பதிதான். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அவருடைய அண்ணா இன்றைக்கும் சேவையில் இருக்கிறார். சாரும் நெற்றியில் திருமண் இல்லாமல் ஆபீசுக்கு வரமாட்டார்.

"கதவைச் சாத்திண்டு வாங்கோ" என்றார். சாத்தினேன்.

"எனக்கு ஒரு பைப் வேணும். பொகை பிடிக்கற பைப்."

நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். டென்மார்க்கிலிருந்து சேர்மன் மூன்று வாரத்தில் வருகிறார். இரண்டாவது புரொடக்ஷன் லைனை எங்கள் ஃபேக்டரியில் போடுவதா, வேறு மாநிலத்தில் போடுவதா என்று முடிவு செய்யப் போகிறார். அவர் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லையாம். சாப்பிட்ட பிறகு மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பைப் பிடிப்பாராம். பேச்சு, முடிவு எல்லாம் அங்கேதானாம்.

"பக்கத்துல நான் சும்மா ஒக்காந்திருந்தா நன்னாவா இருக்கும்? கையில ஒண்ணு இருந்தாத்தான் பேச்சு ஓடும். ஆரம்பிக்கறவாளுக்குத் தகுந்ததா, வெலை கம்மியா ஒண்ணு வாங்கிடுங்கோ. ஆத்துல தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். அதனால விருந்தினர் உபசரிப்புன்னு இண்டென்ட் போட்டுடறேன்."

இண்டென்ட் என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இண்டென்ட் இருந்தால் ஐராவதத்தைக்கூட வாங்கிவிடுவேன்.

இதில் எனக்கும் ஓர் அக்கறை இருந்தது. என் பிரிவில் ஸ்டோர்ஸ் வேலை பார்க்கும் காஞ்சனா நான்கு வருஷமாக கான்ட்ராக்டில் இருந்தாள். ஊத்துக்கோட்டையிலிருந்து தினம் வந்து போகிற பெண். எந்த ரேக்கில் எந்த பேரிங் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைவிட வேகமாகச் சொல்வாள். அந்த கான்ட்ராக்ட் இரண்டு மாதத்தில் முடிகிறது, நீட்டிக்கப் போவதில்லை என்று பேச்சு. "லைன் வந்தா ஆள் எடுப்பாங்க, மொதல் பேர் உன்னுதுதான்" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆக, அந்தப் பைப்பில்தான் அவள் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

2. மூன்று கொட்டேஷன்

திருப்பதியில் பைப் விசாரிப்பது சாமானிய வேலை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "தேவுடு ஊர்ல வந்து இது அடுகுதாரா சார்?" என்று, சாமி ஊரில் இதையா கேட்பது என்கிற மாதிரி கேட்டார். எதிர்த்த கடையில் என் சம்பந்தி வீட்டார் பொம்மை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் குடை விசாரிக்க வந்ததாகச் சொல்லி, குடையும் வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஃபேன்சி கடையில், வருஷக்கணக்காக விற்காமல் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பைப் ஒன்று அகப்பட்டது. ஏதோ ஒரு மரம். முகம் தெரிகிற அளவுக்கு வார்னிஷ். கழுத்தில் பித்தளை வளையம். பார்க்க ஜமீன்தார் மாதிரி இருந்தது, விலை மட்டும் கூலிக்காரன் விலை. இரண்டாவது கொட்டேஷன் சென்னையிலிருந்து வந்தது. பிரையர் என்கிற வேர்க்கட்டையில் செய்த வெளிநாட்டுச் சரக்கு, விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். மூன்றாவதைக் காஞ்சனா ஆன்லைனில் பிடித்தாள். கதிரைக் கொறித்துத் தின்றுவிட்டு எறிகிறோமே, அந்த மக்காச்சோளக் கட்டையில் செய்த பைப். ஜமீன்தாரைவிட இரண்டு மடங்கு விலை.

"எச்சில் கட்டைக்கு இந்த விலையா?" என்றேன்.

"சார், நான் நாப்பது வீடியோ பாத்துட்டேன். எங்க ஊட்டுக்காரரு பயந்தே போயிட்டாரு. புச்சா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கனம் இல்ல, பல்லுல கடிச்சிக்கினு பேசலாம். சீக்கிரம் சூடாவாது. பொகை வர்ற ஓட்ட, பொகையில வெக்கிற கிண்ணத்தோட அடியில கரீக்டா வந்து சேருது. அந்த ஃபேன்சி கடை சாமானைப் பாருங்க, ஓட்ட மேலயே நின்னுகினு இருக்கு. வார்னிஷ் வேற. சூடானா வார்னிஷ்தான் பொகையும்."

"விலை குறைஞ்சது எது?"

"அதான். ஆனா..."

"ஆனாவுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்ல" என்றேன். ஜமீன்தாருக்கு ஆர்டர் போட்டேன்.

3. பச்சை ஸ்டிக்கர்

எங்கள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் நரசிம்முலு, சித்தூர்க்காரர். நேர்மையான மனிதர். அதுதான் கஷ்டமே. "இன்ஸ்பெக்ஷன் லேகுண்டா, இன்ஸ்பெக்ஷன் இல்லாம, ஒரு ஊசி கூட உள்ள வராது சார்" என்று பைப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

காற்றோ புகையோ போகிற எந்தச் சாமானுக்கும் அவரிடம் லீக் டெஸ்ட் உண்டு. கிண்ணத்தை ரப்பரால் அடைத்து, தண்டு வழியாகக் காற்று விட்டு, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். பித்தளை வளையத்தில் குமிழி வந்தது. உடனே சிலிகான் பூசி அடைத்தார். அடுத்து, ஓட்டைக்குள் அவருடைய நாலு மில்லிமீட்டர் கேஜ் போகவில்லை. டிரில் போட்டுப் பெரிதாக்கினார். கடைசியில் கிண்ணத்தின் மேல் பச்சை 'ஓ.கே.' ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த ஸ்டிக்கரைப் பிய்க்கவே முடியாது. பிய்க்க முடியாத பசை வேண்டும் என்று தேடி வாங்கியவனே நான்தான்.

மறுநாள் மத்தியானம் சோதனை ஓட்டம். எங்கள் காம்பவுண்டில் புகை பிடிக்க ஒரே இடம், ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. ஜி.எம். வருவதைப் பார்த்ததும் அங்கே நின்றிருந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்கள் பீடியைச் செருப்பில் தேய்த்துவிட்டு ஓடினார்கள். அவர்களுடைய ஒரே நிம்மதியையும் கெடுத்தோம்.

சார் புகையிலையைப் பெட்டியில் துணி திணிக்கிற மாதிரி திணித்தார். ஆறு தீக்குச்சி போனது. ஏழாவதில் பற்றியது. இளநீரை ஸ்டிரா போட்டு உறிஞ்சுவதுபோல ஒரே இழுப்பாக இழுத்தார். டிரில் போட்ட ஓட்டை சும்மா இருக்குமா? சாம்பல், நெருப்புப் பொறி, புகையிலைத் தூள் எல்லாம் சேர்ந்து வாய்க்குள் போயின. வார்னிஷ் கொப்புளித்தது. சிலிகான் நாறியது. ஸ்டிக்கர் மட்டும் அசையாமல் ஓ.கே. என்றது.

"பெருமாளே" என்று சார் ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்தார். முகம் ஸ்டிக்கர் நிறத்துக்கு வந்துவிட்டது.

கைத்தாங்கலாக ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குக் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டார் என்று நர்ஸ் கேட்டார். வாய் தவறிக் "கேண்டீன் சாம்பார்" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் கேண்டீன்காரருக்கு மெமோ போனது. அந்த மனிதரிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்சம் தெளிந்ததும் சாரிடம் கேட்டேன். "சிகரெட்டை விட்டுட்டு இதுக்கு வர்றீங்கன்னுல்ல நெனச்சேன் சார்?"

"யார் சொன்னா? நான் மூக்குப்பொடி கூடப் போட்டதில்லை ஓய். ஆரம்பிக்கறவாளுக்குன்னு அன்னிக்கே சொன்னேனே."

சொன்னார்தான். விலை கம்மி என்பது மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது.

4. மரத்தடி

"ஆருக்குன்னு கேக்காம இன்னா சார் வாங்கினீங்க?" என்றாள் காஞ்சனா. எனக்குச் சுருக்கென்றது.

அவளே வழியும் சொன்னாள். "அவரு இழுக்கவே வாணாம் சார். பைப்பு புடிக்கிறவங்க பாதி நேரம் அத்த ரொப்பிக்கினு, குத்திக்கினு, பத்த வெச்சிக்கினுதான் இருக்காங்க. அணைஞ்சி போனாலும் ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சோளக்கட்ட பைப்பு வாங்கிக் குடுங்க, சும்மா வாயில வெச்சிக்கினு இருக்கட்டும். புடிக்கலன்னு தூக்கிப் போட்டாலும் நஷ்டம் இல்ல."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே கொட்டேஷனில் ஆர்டர் போட்டேன். காரணம் என்கிற இடத்தில் 'பயன்படுத்துபவரின் தேவை' என்று எழுதினேன். சாமான் வந்த அன்று நரசிம்முலு மேஜைக்கு முன்னால் காஞ்சனா போய் நின்றுகொண்டாள். "இத்த தண்ணில போட்டீங்கன்னா அப்புறம் மாடுதான் துன்னும்" என்றாள். அவர் ஸ்டிக்கரை அட்டைப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுத்தார்.

ஒரு வாரம் சாருக்குப் பயிற்சி. புகையிலைக்குப் பதில் டீத்தூள். கீழே லேசாக, நடுவில் கொஞ்சம், மேலே அழுத்தி என்று காஞ்சனா சொல்லச் சொல்ல ஜி.எம். நிரப்பினார். நல்ல மாணவர்.

சேர்மன் வந்தார். தகரக் கொட்டகை விதியெல்லாம் சேர்மனுக்கு உண்டா, சாப்பிட்டுவிட்டுப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தார். பக்கத்தில் ராகவன் சார், எச்.ஆர். மேனேஜர் அம்மா. ஏதாவது ஆனால் தாங்கிப் பிடிக்க நானும், தீப்பெட்டியோடு காஞ்சனாவும் நின்றோம். சார் பைப்பை எடுத்ததும் சேர்மன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். எத்தனை நாளாகப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனிதர் சார். "போன வாரத்திலிருந்து. இன்னும் புகையிலை போடவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

சேர்மன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, ஆரம்பிப்பவருக்கு இதைவிடச் சரியான பைப் கிடையாது, யார் பொறுக்கியது என்று கேட்டார். சார் காஞ்சனாவைக் காட்டினார். அவள் கனம், ஓட்டை, வார்னிஷ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். என்னை அவள் எச்சரித்ததையும் சேர்த்தே சொன்னாள், அதையும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"இவர் என்ன வேலையில் இருக்கிறார்?" என்று சேர்மன் கேட்டார்.

"கான்ட்ராக்ட். நான்கு வருஷம்" என்றேன்.

"ஏன்?"

"இரண்டாவது லைன் வந்தால் நிரந்தரம் செய்வோம்."

எச்.ஆர். அம்மா என் பக்கம் திரும்பி, தமிழில் மெதுவாகக் கேட்டார்: "லைனுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்? ரெண்டு வருஷம் முடிஞ்சா டிபார்ட்மென்ட் ஹெட் ஒரு லெட்டர் குடுத்தா போதுமே. ரூல்லயே இருக்கு. உங்ககிட்டருந்து வரலை, சரி, உங்களுக்கு விருப்பமில்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

டிபார்ட்மென்ட் ஹெட் நான்தான். ரூல் ரூல் என்று ஊரையே படுத்தியவன் அந்த ஒரு ரூலைப் படிக்கவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. காஞ்சனா தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது லைன் எங்களுக்கு வரவில்லை. வேறு மாநிலத்தில் கரண்ட் மலிவு என்று அங்கே போய்விட்டது. பைப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அன்று சாயங்காலமே லெட்டர் எழுதினேன், பத்து வரிதான். பதினெட்டாம் நாள் அவளை நிரந்தரம் செய்த ஆர்டர் வந்தது.

காஞ்சனா அந்தக் காகிதத்தோடு என் மேஜைக்கு வந்து, "இதுக்கு முன்னாடி செஞ்ச நாலு வருசம் சர்வீஸ்ல சேருமா சார்?" என்று கேட்டாள்.

"சேராது. இன்னைலேர்ந்துதான் கணக்கு. ரெண்டு வருஷம் முடிஞ்சப்பவே நான் எழுதியிருக்கணும். தப்பு என்னுதுதான்மா."

"தெரியும் சார்" என்றாள். ஆர்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.