சத்தத்துக்கு அமுக்காதீங்க, அப்பா

அந்தப் புதன்கிழமை ஜெபத்துக்கு எங்கள் வீட்டில் அம்மா இருந்தார், தங்கை இருந்தாள், போதகர் ஐயா இருந்தார், நான் இருந்தேன். அப்பா இல்லை. வாசலில் தன் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். “எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. நீங்க ஜெபம் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்பான விசுவாசிகளே, அப்பாவின் வேன்தான் எங்கள் சோறு. எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவிலிருந்து தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுவார். நான் பாலிடெக்னிக்கில் படிப்பதும் அந்த வேனால்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் படிவம் ஐந்தைத் தாண்டிய முதல் ஆள் நான்.

வேனின் இடப்பக்கக் கண்ணாடி இரண்டு முறை உடைந்தது. பிறகு ஒரு காலை, பிள்ளையோடு மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு அக்கா வேனுக்கு இடப்பக்கம் தடுமாறிப் புல்லில் விழுந்தார். அடி இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. “மோட்டார் எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலடா” என்றார். தூரத்து வண்டியின் நம்பரை எனக்கு முன்பே சொல்லுகிறவர் அவர்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். பட்டணத்து அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு தேய்கிறது. நடுப்பார்வை நன்றாக இருக்கும், நம்பர் தெரியும். ஆனால் நேராகப் பார்க்கும்போதே சுற்றிலும் தெரிகிற பரப்பு ஓரத்திலிருந்து குறையும். குறைவது நோயாளிக்கே தெரியாது. எவ்வளவு போயிருக்கிறது என்று சோதித்தால்தான் வைத்தியத்தை முடிவு செய்ய முடியும்.

அப்பா வாழ்க்கையில் பரீட்சை எழுதியதில்லை. இதையும் பரீட்சை என்றே நினைத்துக்கொண்டார். நானும், “ஆண்டவரே, அப்பா பாஸாகணும்” என்றுதான் ஜெபித்தேன்.

அறையை இருட்டாக்கினார்கள். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்தில் அப்பாவின் தாடையை வைத்தார்கள். “நடுவுல உள்ள புள்ளியை மட்டும் பாருங்க அங்கிள். ஓரத்துல வெளிச்சம் தெரிஞ்சா அமுக்குங்க, தேடாதீங்க” என்று நர்ஸ் மிஸ்ஸி அவர் கையில் பொத்தானைக் கொடுத்தார். நான் மூலையில் நின்றேன். இயந்திரம் டிக் என்றது, அப்பா அமுக்கினார். டிக், அமுக்கினார். ஒன்றையும் விடவில்லை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

மிஸ்ஸி நிறுத்திவிட்டார். “அங்கிள், சத்தத்துக்கு அமுக்குறீங்களா?”

“இல்லம்மா, வெளிச்சத்துக்குத்தான்.”

“மெஷின் நடுநடுவுல வெளிச்சம் இல்லாம சத்தம் மட்டும் போடும். அதுக்கும் அமுக்கிட்டீங்களே. இதை ஏமாத்த முடியாதுலா.”

“அப்ப பெயிலா?”

“இதுல பாஸும் இல்ல, பெயிலும் இல்ல அங்கிள். கொஞ்சம் வெளிய உட்காந்துட்டு வாங்க. திரும்பச் செய்வோம்.”

வெளிப் பெஞ்சில் அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “வேன் ஓட்டுற மணியம்தான் சொன்னான், டிக்குன்னா அமுக்கு, தப்பிச்சிடலாம்னு. வேன் போனா உன் படிப்பு என்னடா ஆகும்?”

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை பாஸ் கேட்கவில்லை. “ஆண்டவரே, தெரியாததைத் தெரியலன்னு விடுற தைரியத்தை அப்பாவுக்குக் குடுங்க. சத்தத்துக்கு அவர் அமுக்காம இருக்கணும்.” அப்பா ஆமென் என்றார். அவர் வாயால் அதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

மறுபடியும் டிக் என்றது. அப்பா அமுக்கவில்லை. டிக். அமுக்கவில்லை. எங்கள் வேன் ஒவ்வொரு டிக்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கட்டைவிரல் பொய் சொல்லவில்லை.

இடது கண்ணின் ஓரம் தாளில் கறுப்பாக வந்தது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காக்கலாம் என்றார் டாக்டர். அதன் பிறகு எடுத்த சோதனைகளில் கறுப்பு பரவவில்லை. இது கர்த்தர் செய்தது.

அப்பா தானாகவே வேனை விற்றார். இப்போது பள்ளிக் கேண்டீனில் வேலை. நான் வார இறுதியில் கடையில் நிற்கிறேன், படிப்பும் நிற்கவில்லை. புதன்கிழமை ஜெபத்தில் அப்பா வரிசையின் இடக்கோடியில் உட்காருகிறார். அங்கிருந்தால் நாங்கள் எல்லோரும் அவருக்குத் தெரிவோம்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு பக்கமாகவே இடித்துக்கொண்டால், பயந்து மறைக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள். உண்மை தெரியவேண்டும் என்று கேளுங்கள், அவர் தருவார்.

மொத்தம் எவ்வளவு செலவாச்சு தம்பி என்று சபையில் கேட்கிறார்கள். முதல் நாள் கவுண்டரில் கட்டிய பணம் ஐந்து வெள்ளி. அப்புறம் அந்த வேன்.