வால்வு அரைத்தவனின் முதல் ட்ரிப்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் திருத்தணி பஸ்கள் கரி வாயுவில் ஓடின. எஞ்சினுக்குள் கரித்தூள் போய்ப் போய் வால்வுகள் சீக்கிரமே கெட்டுவிடும். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வால்வு அரைத்தவன்தான் முதல் ட்ரிப்பில் பின்படியில் கட்டையோடு நிற்கவேண்டும். மேட்டில் வண்டி பின்வாங்கினால் குதித்துச் சக்கரத்துக்கடியில் கட்டை போடவேண்டியவனும் அவனே.

அன்றுதான் முதல் தடவையாக நான் தனியாக அரைத்தேன். வால்வு உட்காரும் இடமான சீட்டில் புதிதாக எஃகு வளையம் அடித்திருந்தார்கள். அரைக்கும் பசை தடவி, ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை வால்வில் ஒட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே பருப்பு மத்துபோல உருட்டினேன். பழைய வார்ப்பிரும்பாக இருந்தால் வால்வு சரியாக உட்கார்ந்ததற்கு அடையாளமாகச் சாம்பல் நிறத்தில் அகலமான வளையம் விழுந்திருக்கும். இதிலோ காலை முழுக்க உருட்டியும் நூல்போல ஒரு கோடுதான்.

வால்வுகளை மாட்டி, கசிகிறதா என்று மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். கடைசி வால்வைச் சுற்றி ஈரம் கசிந்தது. அப்படிக் கசிந்தால் மேட்டில் எஞ்சினுக்கு இழுவை இருக்காது.

"போதும்பா. ஓட ஓட உக்காந்துக்கும்" என்றார் மேஸ்திரி.

"பழைய சீட்டுன்னா உக்காருங்க. இது தேயவே மாட்டேங்குதுங்களே."

"மேட்ல கட்டையோட நிக்கப் போறவன் நீ. பயமா இருந்தா இன்னும் உருட்டு. வெளிய ஜனம் காத்துகினு கீது, சீக்கிரம்."

அந்த ஜனத்தில் என் அக்காவும் இருந்தாள். கைக்குழந்தையோடு ஆர்.கே.பேட்டையில் இருக்கும் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள். வழியனுப்ப வந்த நைனாவின் குரல் உள்ளே வரை கேட்டது. "எங்க வூட்ல படிச்சவன் எம் புள்ள ஒருத்தன்தான். அவன் கை வச்ச வண்டி. தைரியமா ஏறுங்க!"

வால்வைக் கழற்றி மறுபடி உருட்டினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஊற்றிய மண்ணெண்ணெய் கடைசியில் கசியாமல் நின்றது. ஆனால் ஆறிக் கிடக்கும் ஹெட்டில் நிற்பது, எஞ்சின் சூடேறி மேடு ஏறும்போதும் நிற்குமா?

பின்படியில் கட்டையோடு ஏறி நின்றேன். முதல் மேடு வந்தது. வண்டி முக்கியது. சத்தம் இறங்கி இறங்கி, நடக்கிறவன் வேகத்துக்கு வந்துவிட்டது. உள்ளே குழந்தை வீரிட்டது. வண்டி பின்னால் வருவதாகவே எனக்குப் பட்டது. குதித்தேன். சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கட்டையில் எதுவும் வந்து மோதவில்லை. கண்ணைத் திறந்தபோது வண்டி உச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பிறகு சத்தமே இல்லை. எஞ்சின் நின்று, அந்தப் பக்கம் உருண்டு போய்விட்டதோ? கட்டையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடினேன்.

உச்சியில் நின்று பார்த்தேன். சரிவு முடியும் இடத்தில் வண்டி எனக்காக நின்றிருந்தது. ஜன்னலில் அக்காவின் தலை.

"வண்டிதான் போய்கினு கீதே, நீ ஏன்டா குதிச்சே? மூஞ்சிய பாரு, சுண்ணாம்பு அடிச்சாப்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். நான் பின்படியிலேயே நின்றுகொண்டேன். வழியில் இன்னும் ஒரு மேடு இருந்தது.