கருணைநாதனுக்கான சடங்கு

லண்டனின் பிளேஸ்டோ பகுதியில் வசிக்கும் பத்மலோசினி மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்த பிறகு, அதே சபையைச் சேர்ந்த சென்னைக்காரியான எஸ்தர் ஞாயிறுதோறும் அவருக்கு 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்ற வேதநூலை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வாள். சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், கடவுள் தமக்கு வெளிப்படுத்தியதாகச் சொன்னவற்றின் தொகுப்பு அது. எதிரிகளுக்குப் பயந்து அவர் ஒளிந்திருந்தபோது எழுதிய கடிதங்களும் அதில் உண்டு. இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறலாம் என்றன அக்கடிதங்கள்.

அந்தப் பகுதி வந்தால் பத்மலோசினி நிமிர்ந்து உட்காருவார். அவருடைய கணவர் கருணைநாதனும் ஒளிந்திருந்து கடிதம் அனுப்பியவர்தான். இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனார்.

ஒருநாள் எஸ்தர் தயங்கிக் கேட்டாள்: “அக்கா, இறந்துபோன கணவரோட என்றென்றைக்கும் சேர்த்து வைக்கிற சடங்கு நம்ம ஆலயத்துல இருக்கு. உங்களுக்கும் செய்யலாமா?”

பத்மலோசினி ஏங்கிக் கிடந்தது அதற்காகத்தான்.

“அதுக்கு, அவர் செத்திட்டார் எண்டு நான் சொல்லோணும், என்ன?”

“ஆமாக்கா.”

“அது என்னால ஏலாது, பிள்ளை. அவர் வரட்டும். ரெண்டு பேருமாப் போறம்.”

எஸ்தர் வற்புறுத்தவில்லை. கணவன் மனைவி பந்தம் சாவுக்குப் பின்னும் நிலைக்கும் என்று அந்த வேதநூல் சொல்லும் பகுதியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார் பத்மலோசினி.